காத்தவை மட்டுமே காட்சிக்கு வரும்

(திருவிழாவையொட்டி ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

கோயில் மேடையில் அருங்காட்சியகத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். கோயில் இறைவன் எழுந்தருளியிருக்கும் இடம். அருங்காட்சியகம் பழம்பொருள்களை அடுக்கி வைத்திருக்கும் இடம். கோயிலில் விளக்கு எரிகிறது. அருங்காட்சியகத்தில் விளக்கு கண்ணாடிப் பேழைக்குள் எரியாமல் நிற்கிறது. இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு? தொடர்பு உண்டு. முன்னோர் ஒப்படைத்ததைக் கெடாமல் வாங்கி, பின்வருவோர் கையில் சேர்ப்பது என்னும் கடமை இரண்டுக்கும் பொதுவானது. அக்கடமையில் கோயில் தவறினால், அருங்காட்சியகம் எத்தனை பெரிதாக இருந்தாலும் அதற்கு ஈடு செய்ய இயலாது. இவ்வுரையின் கருத்து முழுவதும் இதுவே.

பழைமையான கோயில்கள் பலவற்றிலும் அடியார் கண்ணில் படாத ஓர் அறை இருக்கும். கால் ஒடிந்த வாகனம், பிடி கழன்ற தூபக்கால், நிறம் மங்கிய திருக்குடை, பூச்சி அரித்த கூட்டக் குறிப்பேடு, நன்கொடையாளர் பெயர் எழுதிய பழைய நோட்டு, கண்ணாடி உடைந்த சட்டத்துக்குள் ஒரு நிழற்படம் என எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை திருப்பணி தொடங்கும், பாலாலயம் நிகழும், அந்த அறையும் ஒழிக்கப்படும். பித்தளை எடைக்குப் போகும். மரம் விறகாகும். காகிதம் குப்பைக்குச் செல்லும். குடமுழுக்கு நாளில் கோபுரம் புதுவண்ணத்தில் ஒளிரும்போது, அக்கோபுரத்தை முதன்முதலில் எழுப்பியவர்களின் பெயர்கள் இருந்த ஒரே நோட்டு மறைந்துபோயிருக்கும். எவரும் தீய எண்ணத்தோடு இதனைச் செய்வதில்லை. பழையது பயனற்றது என்ற எண்ணமே இழப்பை உண்டாக்குகிறது.

பினாங்கில் பழையதைத் தேடிச் செல்வோர் நெடுங்காலமாக அறிந்த கட்டடம் ஒன்று பார்க்குவார் தெருவில் உண்டு. அதுவே பினாங்கு மாநில அருங்காட்சியகமும் கலைக்கூடமும் 1965-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கட்டடம். அதன் வரலாறே தமிழர் அறிய வேண்டிய ஒன்று. 1816-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் பாதிரியார் ஹட்சிங்ஸ் தொடங்கிய பினாங்கு பிரீ ஸ்கூல் என்னும் பள்ளிக்காக, 1896-இலும் 1906-இலும் இரு கட்டங்களாக எழுப்பப்பட்ட கட்டடம் அது. பள்ளி 1928-இல் கிரீன் லேனுக்குச் சென்றது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்தது. எஞ்சி நின்ற பகுதியே பின்னர் அருங்காட்சியகமாயிற்று.

பிரீ ஸ்கூல் தொடங்கிய காலத்தில் அங்கே தமிழ் வகுப்பும் நடைபெற்றது. மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்ளப்படுவது அந்த வகுப்பே. 2016-ஆம் ஆண்டில் நாடெங்கும் தமிழ்க் கல்வியின் 200-ஆம் ஆண்டு கொண்டாடப்பட்டதும் அதனை வைத்தே. அவ்வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. எனினும், அந்தப் பள்ளியின் கட்டடத்திலேயே இத்தீவின் நினைவுகளைக் காக்கும் கூடம் பின்னாளில் அமைந்தது எண்ணி மகிழத்தக்கது. அந்த வகுப்பில் அமர்ந்த தமிழ்ப் பிள்ளைகளின் எழுத்துப் பலகை ஒன்றையேனும் இன்று யாராலும் காட்ட முடியுமா? அவர்கள் எழுதிப் பழகிய ஓலை எங்கே? ஆண்டு நினைவில் நின்றது, பொருள் நிற்கவில்லை.

அருங்காட்சியகம் என்ன காட்டியது என்பதை இனிக் காண்போர் கண்கொண்டு நோக்கலாம். பார்க்குவார் தெருக் கட்டடத்தின் கூடங்களில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் முதலாகப் பினாங்கின் பல்வேறு சமூகத்தாரின் உடைகள், அணிகலன்கள், வீட்டுப் பொருள்கள், நிழற்படங்கள், வரைபடங்கள், ஆவணங்கள் ஆகியவை வைக்கப்பட்டிருந்தன. பாபா நியோன்யா இல்லங்களின் நாற்காலிகளும் பீங்கான்களும் மணி கோத்த காலணிகளும் பார்ப்போரைக் கவர்ந்தன. பினாங்கு மலை ரயிலின் பழைய பெட்டி ஒன்று வெளி முற்றத்தில் நின்றது. 2017-ஆம் ஆண்டில் பழுதுபார்ப்புப் பணிகளுக்காக அக்கட்டடம் மூடப்பட்டது. அவ்வாண்டிலேயே மக்கலிஸ்டர் சாலையில் அருங்காட்சியகத்தின் கிளை இயங்கத் தொடங்கியது.

அந்த அருங்காட்சியகத்தின் பெருஞ்செல்வங்களில் ஒன்று கேப்டன் இராபர்ட் ஸ்மித் தீட்டிய ஓவியங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளரான அவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் பினாங்கில் பணியாற்றியவர். நிழற்படக் கருவி தோன்றாத காலத்துப் பினாங்கு எப்படி இருந்தது என்பதை அவருடைய தூரிகை காட்டுகிறது. அடர்ந்த மலைகளும், கடலில் நிற்கும் கப்பல்களும், தோப்புகளுக்கிடையே தெரியும் மாளிகைகளும் அவ்வோவியங்களில் காணப்படுகின்றன. அவற்றைத் தழுவி வில்லியம் டேனியல் செதுக்கிய அச்சுப்படங்கள் 1821-இல் இலண்டனில் வெளிவந்தன.

அந்த இராபர்ட் ஸ்மித்தின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் மற்றொரு படைப்பு, அதே பார்க்குவார் தெருவில் நிற்கும் செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம். 1818-இல் கட்டி முடிக்கப்பட்ட அக்கட்டடத்தின் வெண்ணிறத் தூண்கள் இன்றும் கண்ணைக் கவருகின்றன. அதனைக் கட்டியவர்கள் யார்? இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டுக் கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகள். காடு வெட்டியதும் சாலை போட்டதும் சுண்ணாம்பு குழைத்ததும் செங்கல் சுமந்ததும் அத்தகைய கைகளே. வரைந்தவர் பெயர் நிலைத்தது, கட்டடம் நிலைத்தது, சுமந்தவர் பெயர் ஒன்றேனும் அச்சுவரில் இல்லை.

இது யாரையும் குறை கூறுவதற்காகச் சொல்லப்படுவதன்று. அருங்காட்சியகம் என்பது எங்கும் இவ்வாறே அமைகிறது. செல்வர் வீட்டுப் பொருள் பெரிது, உறுதியானது, விலை மிக்கது. ஆதலால் தலைமுறைகளைத் தாண்டி நிற்கிறது. உழைப்பாளி வீட்டுப் பொருள் எளியது. தேயும்வரை பயன்பட்டுப் பிறகு எறியப்படுகிறது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் சும்மாடு, படகு வலித்தவரின் துடுப்பு, வண்ணாரின் துவைகல், தோட்டத்தில் பால் மரம் சீவியவரின் கத்தி, பட்டணத்துக் கடைக்காரரின் கணக்குப் பெட்டி ஆகியவை எவர் வீட்டுப் பரணிலும் தங்குவது அரிது. தங்கினாலும் அதனைக் கொண்டுபோய் அருங்காட்சியகத்தில் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் எழுவதில்லை. “இதெல்லாம் யாருக்கு வேண்டும்?” என்ற ஒரு கேள்வியிலேயே அதன் கதை முடிந்துவிடுகிறது. கொடுத்தவர் பொருளே கூடத்தில் நிற்கும். கொடாதவர் வரலாறு வெற்றிடமாகவே நிற்கும்.

பொருள் கிடைத்தால் மட்டும் போதுமா? போதாது. பொருளோடு அதன் செய்தியும் வர வேண்டும். ஒரு பித்தளைக் குத்துவிளக்கை எடுத்துக்கொள்க. வெறும் விளக்காக வந்தால், “பித்தளை விளக்கு, தென்னிந்திய வேலைப்பாடு” என்ற ஒரு வரிக்கு மேல் எவரும் எழுத முடியாது. இன்ன ஊரிலிருந்து இன்ன ஆண்டில் கப்பலேறியவர் கொண்டு வந்தது, இன்ன தெருவில் குடியிருந்த குடும்பத்தில் எரிந்தது, குழந்தை பிறந்த வேண்டுதலுக்காகக் கோயிலுக்கு அளிக்கப்பட்டது என்ற குறிப்போடு வந்தால், அதே விளக்கு ஒரு குடும்பத்தின் கதையையும் ஒரு சமூகத்தின் பயணத்தையும் எடுத்துரைக்கும். இதனால்தான் அருங்காட்சியகத்தினர் ஒரு பொருளை ஏற்றவுடன் அதற்கு ஓர் எண் இட்டு, யாரிடமிருந்து, எப்போது, எவ்வாறு வந்தது என்று பதிவேட்டில் எழுதுகின்றனர். அப்பதிவேடு இல்லையேல் பெருஞ்சேகரிப்பும் பழைய சாமான் கடையாகிவிடும்.

பொருள் இருந்த இடத்தை விட்டு அகன்றால் என்ன நேரும் என்பதற்கு இவ்வட்டாரத்திலேயே சான்று உண்டு. தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறையில் 1834-இல் ஜேம்ஸ் லோ என்னும் பிரித்தானிய அதிகாரி ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மாநாவிகன் புத்தகுப்தன் என்பவன் பெயர் பொறித்த கல் அது. மாநாவிகன் என்றால் மாபெரும் கடலோடி. ஏறத்தாழ கி.பி. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்லில், வடமொழி வாசகம் தென்னாட்டுப் பல்லவர் எழுத்தை ஒத்த வடிவில் பொறிக்கப்பட்டுள்ளது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இக்கடற்கரைக்கு இந்திய வணிகர் வந்து சென்றதற்கு அது கண்கூடான சான்று. கல் இன்று எங்கே உள்ளது? கல்கத்தாவில் உள்ள இந்திய அருங்காட்சியகத்தில். அன்று இங்கே அதனை ஏற்றுக் காக்க ஒரு கூடம் இல்லை. கண்டெடுத்தவர் வங்காளத்து ஆசியக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். கல் காக்கப்பட்டது என்பது ஆறுதல். ஆனால் செபராங் பிறைப் பிள்ளைகள் தங்கள் ஊர்க் கல்லைக் காணக் கடல் கடக்க வேண்டியுள்ளது.

அதே ஜேம்ஸ் லோ 1845-இல் புக்கிட் மெர்தாஜாம் அருகே செரோக் தோக்குனில் உள்ள பாறைக் கல்வெட்டையும் எழுதிவைத்தார். அது பெரும்பாறை, எவராலும் தூக்கிச் செல்ல இயலாதது. எனவே இருந்த இடத்திலேயே, செயிண்ட் ஆன் தேவாலய வளாகத்தில், இன்றும் நிற்கிறது. எழுத்துகள் மழையிலும் வெயிலிலும் மங்கியபோதிலும், ஊர் மக்கள் நேரில் சென்று பார்க்கின்றனர். ஒன்று அகன்று நிலைத்தது. மற்றொன்று இருந்த இடத்திலேயே நிலைத்தது. மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அது இருந்த இடத்திலேயே அழிந்தது.

பினாங்கிலிருந்து வடக்கே சிறிது தொலைவில் கெடா மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்கு உள்ளது. தமிழர் கடாரம் என்றழைத்த நாடு அது. இராசேந்திர சோழன் 1025-ஐ ஒட்டிக் கடற்படை செலுத்திக் கடாரங்கொண்டான் என்று பெயர் பெற்றதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அங்கே 1936, 1937 ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ், டோரத்தி வேல்ஸ் இணையர் அகழ்ந்து பல கோயில் அடித்தளங்களை வெளிப்படுத்தினர். அவற்றுள் பெரியதான புக்கிட் பத்து பகாட் ஆலயம் பின்னர் ஆய்வாளர் அலஸ்டேர் லாம்ப் மேற்பார்வையில் மறுசீரமைக்கப்பட்டது. சிவாலயமாகக் கருதப்படும் அதன் அடியில் கற்பேழைகள் கிடைத்தன. ஒவ்வொரு பேழையிலும் ஒன்பது குழிகள். அவற்றுக்குள் சிறு செப்புக் கலயங்கள், மணிக்கற்கள், பொன்னாலும் பிற உலோகத்தாலும் செய்த சிற்றுருவங்கள். கோயில் எழுப்பும்போது கர்ப்பநியாசம் செய்து மணிகளையும் உலோகங்களையும் அடியில் வைக்கும் முறையை அறிந்த சிவாச்சாரியார் எவரும் அப்பேழையைக் கண்டால் ஒருகணம் கைகூப்பி நிற்பார். ஆயிரமாண்டுக் காலத்து வழிபாட்டுக்கும் இன்றைய வழிபாட்டுக்கும் இடையே அறுபடாத நூல் ஒன்று ஓடுவதை அப்பேழை உணர்த்துகிறது. மெர்போக்கில் 1980-இல் திறக்கப்பட்ட பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இவ்வட்டாரத்துக் கண்டெடுப்புகளைக் காட்சிப்படுத்துகிறது.

அதே பள்ளத்தாக்கில், சுங்கை பத்துப் பகுதியில் இருந்த பதினொன்றாம் எண் ஆலய எச்சம், வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்செய்தபோது இடித்து அகற்றப்பட்ட செய்தி 2013-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. நாடெங்கும் வருத்தக்குரல் எழுந்தது. நிலம் தனியாருக்குரியது, அவ்விடம் பாதுகாக்கப்பட்ட மரபிடமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. பல நூற்றாண்டு மழையும் வேரும் அழிக்காததை இயந்திரம் சிறு பொழுதில் அழித்தது. பெயரும் எண்ணும் ஆய்வு நூல்களில் இருந்தும், சட்டப் பதிவில் இல்லாமற்போனதே அதற்கு வழியாயிற்று. பதிவின்மை என்பது ஏட்டுக் குறை மட்டுமன்று. இடிப்பவருக்குத் திறந்துவிடும் கதவு அது.

பதிவு உள்ளதனால் விளைந்த நன்மையையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்னும் சிற்றூர். அங்குள்ள சோழர் காலக் கோயிலிலிருந்து நடராசப் பெருமானின் செப்புத் திருமேனி களவு போயிற்று. அது கைமாறிக் கைமாறி, 2008-இல் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் அமெரிக்க டாலர் விலைக்கு ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தை அடைந்தது. அத்திருமேனி ஸ்ரீபுரந்தானுக்குரியது என்பதை எவ்வாறு நிலைநாட்டினர்? புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் பல ஆண்டுகளாகத் தமிழகத்துக் கோயில் கோயிலாகச் சென்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட நிழற்படங்களை எடுத்து வைத்திருந்தனர். அவற்றுள் ஸ்ரீபுரந்தான் நடராசரும் இருந்தார். படத்தையும் திருமேனியையும் ஒப்பிட்டபோது உண்மை வெளிப்பட்டது. 2014-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியா அத்திருமேனியை இந்தியாவிடம் ஒப்படைத்தது. படம் எடுத்தவர்கள் அன்று இவ்வாறு பயன்படும் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். ஒரு படமும் அதன் பின்னால் எழுதிய ஊர்ப்பெயரும் ஆண்டவனையே ஊருக்கு அழைத்துவந்தன. தம் கோயில் திருமேனிகளை முறையாகப் படமெடுத்து வைத்துள்ளோமா என்று ஒவ்வொரு நிருவாகமும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

இவ்விடத்தில் அடியார் பலர் மனத்தில் எழும் ஓர் ஐயத்துக்கும் விடை கூற வேண்டும். பூசை ஏற்ற திருமேனியைக் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கலாமா? அபிடேகமும் நைவேத்தியமும் இன்றி இறைவன் காட்சிப்பொருளாக நிற்கலாமா? இவ்வையம் நியாயமானது. ஆகமம் இதற்கு வழி வகுத்துள்ளது. பின்னமுற்ற திருமேனியிலிருந்து கலையை முறைப்படி வேறிடத்துக்கு மாற்றிய பின்னர் அதனை என்ன செய்வது என்பதற்குச் சீரணோத்தாரண விதிகள் உள்ளன. அதனை ஆகமம் கற்ற பெரியோரைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும். நிருவாகத்தார் தாமாக முடிவு செய்வதற்குரியதன்று. இவ்வுரை வேண்டுவது அதனை அன்று. பூசைக்குரிய திருமேனியைத் தவிர்த்து, கோயிலில் வேறு எவ்வளவோ உண்டு. பழைய வாகனம், திருவாசி, தாம்பாளம், மணி, சாமரம், மடைப்பள்ளிப் பாத்திரம், உண்டியல், கூட்டக் குறிப்பேடு, நன்கொடைப் பற்றுச்சீட்டு, திருவிழாத் துண்டறிக்கை, கடிதம், நிழற்படம், முந்தைய மலர்கள் ஆகியவற்றைக் காப்பதற்கும் காட்டுவதற்கும் எந்த ஆகமத் தடையும் இல்லை.

உயிரோடு இருக்கும் காட்சிப்பொருள் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது பினாங்குத் தைப்பூசத்தின் வெள்ளிரதமே. நகரத்தார் 1894-இல் தமிழகத்திலிருந்து கப்பலில் வருவித்த அவ்விரதம், தைப்பூசத்துக்கு முன்னாள் பினாங்குத் தெருக் கோயில் வீட்டிலிருந்து முருகப் பெருமானைத் தாங்கித் தண்ணீர்மலை நோக்கிப் புறப்படுகிறது. வழிநெடுகத் தேங்காய்கள் சிதறுகின்றன. நூறாண்டைக் கடந்த பொருள் எந்தப் பேழைக்குள்ளும் அடைபடாமல் தெருவில் ஓடுவது எவ்வாறு இயன்றது? ஆண்டுதோறும் துடைத்து, பழுது நீக்கி, கணக்கு எழுதி, பொறுப்பைத் தலைமுறைக்குத் தலைமுறை கைமாற்றிக் கொடுத்த ஒழுங்கினால் இயன்றது. அருங்காட்சியகத்தார் படித்துச் செய்யும் பாதுகாப்பு வேலையை அவர்கள் பக்தியினால் செய்தனர். அந்த ஒழுங்கு வெள்ளிக்கு மட்டும் உரியதாய் இருத்தல் வேண்டுமா? குயின் தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் தொடங்கி, இத்தீவின் சிறு சிறு கோயில்கள் வரை, தொழிலாளர் தம் கூலியிலிருந்து கொடுத்த காசில் எழுந்தவை பல. அந்த ஐந்து காசு, பத்துக் காசு நன்கொடையை எழுதிய காகித நோட்டுக்கும் அதே மதிப்பு உண்டு.

எனவே ஒரு கோயில் நிருவாகம் செய்யக்கூடியவை யாவை? பெரும் பொருட்செலவு இதற்குத் தேவையில்லை.

முதலாவது, பட்டியல். கோயிலில் உள்ள ஒவ்வொரு பழம்பொருளுக்கும் ஓர் எண் கொடுத்து, அளவு, செய்பொருள், கொடுத்தவர், ஆண்டு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுதல். அந்நோட்டின் படி ஒன்றை வேறோர் இடத்தில் வைத்தல். இரண்டாவது, நிழற்படம். ஒவ்வொரு பொருளையும் முன்புறமும் பின்புறமும் அடியும் தெரியப் படமெடுத்தல். அளவு விளங்க அருகில் ஓர் அளவுகோலை வைத்தல். பழைய படங்களின் பின்புறத்தில் மையால் எழுதாமல், மெல்லிய பென்சிலால் அதில் உள்ளோர் பெயரையும் ஆண்டையும் குறித்தல். மூன்றாவது, கேள்வி. எழுபது, எண்பது வயதைக் கடந்த பெரியோர்கள் இன்று இக்கூட்டத்திலும் உள்ளனர். படத்தில் இருப்பவர் யார், அந்த மணி எங்கே வார்க்கப்பட்டது, பழைய கொட்டகை எந்தத் திசையில் இருந்தது என்பவற்றை அவர்கள் மட்டுமே சொல்ல வல்லவர்கள். அவர்களிடம் கேட்டு எழுதுவதைத் தள்ளிப்போட்டால், பின்னர் கேட்கவே இயலாது.

நான்காவது, காப்பு. பினாங்கின் ஈரக்காற்று துணிக்கும் காகிதத்துக்கும் பகை. பட்டையும் காகிதத்தையும் சிமெண்டுத் தரையில் வைத்தலாகாது. நெகிழிப் பையில் இறுகக் கட்டினால் உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். சுவரை ஒட்டாத மர அலமாரியோ இரும்பு அலமாரியோ நல்லது. அவ்வப்போது திறந்து காற்றாட விடவும், கறையானைப் பார்க்கவும் வேண்டும். வெளிச்சமும் மெல்லக் கொல்லும் நஞ்சே. உலகின் அருங்காட்சியகங்கள் பட்டு, பழைய நிழற்படம், நீர்வண்ண ஓவியம் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் என்ற மங்கலான வெளிச்சத்தையே அளவாகக் கொள்கின்றன. காட்சிக்கூடம் இருளாக உள்ளதே என்று பார்ப்போர் முணுமுணுப்பதுண்டு. அவ்விருள் பொருளுக்கு மருந்து. சன்னலோரச் சுவரில் வெயில் படத் தொங்கும் முதல் தலைவரின் படத்தை அங்கிருந்து இறக்கி, அதன் படி ஒன்றை மாட்டுவதே அவருக்குச் செய்யும் மரியாதை.

ஐந்தாவது, காட்சி. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆயிரங்கால் மண்டபமே அருங்காட்சியகமாக விளங்குகிறது. அத்தனை பெரிய மண்டபம் எல்லாருக்கும் வாய்க்காது. ஆனால் மண்டபத்தின் ஒரு மூலையில் பூட்டுடன் கூடிய ஒரு கண்ணாடி அலமாரி எல்லாக் கோயிலுக்கும் வாய்க்கும். திருவிழா நாள்களில் அதில் ஐந்து பொருள்களையும் ஐந்து குறிப்புகளையும் வைத்தால், வரிசையில் நிற்கும் பிள்ளைகள் படிப்பர், தாத்தாவிடம் கேட்பர், தாத்தா தம் வீட்டில் உள்ள ஆறாவது பொருளை எடுத்து வருவார். சிங்கப்பூரில் 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டபோது, குடும்பங்கள் தந்துதவிய பொருள்களும் அதன் கூடங்களில் இடம்பெற்றன. அரசு கட்டடத்தைக் கட்டலாம். உள்ளே நிற்கும் பொருளை மக்களே தர வேண்டும்.

ஆறாவது, உறவு. கோயிலால் காக்க இயலாத பொருள் இருப்பின், அதனை அருங்காட்சியகத்திடம் நிரந்தரமாகக் கொடுக்கவும் செய்யலாம். குறித்த காலத்துக்கு இரவலாகக் கொடுக்கவும் செய்யலாம். எதுவாயினும் எழுத்துமூலம் ஒப்பந்தம் வேண்டும். கொடுத்த கோயிலின் பெயர் குறிப்பில் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். திருப்பணியின்போது மண்ணுக்கடியில் பழம்பொருள் ஏதேனும் கிடைத்தால் மறைக்கலாகாது. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் அதனை அறிவிக்கச் சொல்கிறது. ஜார்ஜ் டவுன் 2008-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. பல சமயத்தார் அருகருகே வழிபட்டு வாழ்ந்த தெருக்களின் சிறப்பும் அதற்கு ஒரு காரணம். அத்தெருக்களில் ஒலிக்கும் கோயில் மணியும் அச்சிறப்பின் பங்கு என்பதை மறத்தலாகாது.

அன்பர்களே! கலைக்கூடத்தில் தொங்கும் ஓவியத்தில் மலையும் கடலும் அழகாகத் தெரிகின்றன. அம்மலையில் பாதை வெட்டியவரும், அக்கடலில் படகு வலித்தவரும், அத்தெருவில் சிறு கொட்டகை வேய்ந்து அம்மனை நிறுவியவரும் அதில் இல்லை. அவர்கள் இருந்தார்கள் என்பதற்குச் சான்று கோயில் அறையில், கறையானுக்கும் குப்பை வண்டிக்கும் நடுவில், இன்னும் சிறிது மிஞ்சியுள்ளது. அடுத்த திருப்பணிக்கு நாள் குறிக்கும் முன்னர், அந்த அறையின் சாவியை வாங்கி, இரண்டு இளைஞரும் ஒரு பெரியவரும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உள்ளே அமர்ந்தால் போதும். குடமுழுக்கு கோபுரத்தைப் புதுப்பிக்கும். அந்த நோட்டு கோபுரம் கட்டியவர்களின் பெயரைப் புதுப்பிக்கும்.

முன்னோர் ஏற்றிய விளக்கு அணையாமல் எரியவும், அதனை ஏற்றியவர் பெயர் மறையாமல் நிலைக்கவும் திருவருள் துணை நிற்பதாக. திருவிழாக் காணும் அடியார் அனைவரும் எல்லா நலமும் பெற்று வாழ்வாராக.